முகம் இருபது, முனை பன்னிரண்டு

"ஒட்டுன பொறகு உள்ள பாக்க முடியாதுய்யா, அதனால ஒட்டுறதுக்கு முன்னாடியே..." என்று சின்ன வயதில் கூட உட்கார்ந்து ஒட்டும்போது பெரியப்பா எதையோ சொல்லி முடிப்பார். பாத்துக்கணும் என்று முடித்தாரா, கேட்டுக்கணும் என்று முடித்தாரா, இல்லை வேறு ஏதாவது சொன்னாரா, தவசிமுத்துவுக்கு நினைவில்லை. காலண்டர் அட்டை வாசமும் மைதாப் பசை வாசமும் அந்தக் குரலோடு சேர்ந்து வந்தன, வாக்கியத்தின் வால் மட்டும் வரவில்லை. ஜோகூரில் ஒரு பெட்டிக் கம்பெனியில் இத்தனை வருடம் உட்கார்ந்து, பிஸ்கட் பெட்டி, மாத்திரைப் பெட்டி, மிட்டாய்ப் பெட்டி என்று உலகத்தில் உள்ள பெட்டிகளையெல்லாம் பிரித்து விரித்து கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தபோதும் வரவில்லை. ஐம்பதை எட்டுவதற்குள் போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு, சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் கிடக்கிற சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை.

அந்த ஊரில் கை இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒட்டத் தெரியும். காலையில் அச்சகத்து வேன் வீட்டு வாசலில் அட்டைக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும், சாயங்காலம் ஒட்டினதை எடுத்துக்கொண்டு போகும். தீப்பெட்டி போய், வெடி டப்பா வந்து, அதுவும் போய், கல்யாணப் பத்திரிகை உறையும் கைப்பையும் வந்தன. கட்டுக்குள் இருப்பது மாறியதே தவிர வாசலும் வேனும் மாறவில்லை. என்ன ஒட்டுகிறோம் என்று பார்க்காமலே ஒட்டுகிற விரல்கள் அவை. டிவி பார்த்துக்கொண்டு ஒட்டும், சண்டை போட்டுக்கொண்டு ஒட்டும், எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட மடியில் கிடக்கும் முந்தானையைத் தன்பாட்டுக்கு மடித்து நீவும்.

கணக்கு என்றால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஜெபசெல்வி ஒருநாள் டீக்கடை வாசலில் அலுத்துக்கொண்டபோது, சனிக்கிழமை மதியங்களைத் தனக்குக் கொடுக்கும்படி தவசிமுத்து கேட்டார். ஒரு பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் வருமே ஒரு படம், அந்த மாதிரி கனசதுரத்துக்கும் நான்முகத்துக்கும் பன்னிரண்டு முகத்துக்கும் இருபது முகத்துக்கும் அவர் வரைந்து வைத்திருந்தார். விரிபடம் என்று அவற்றுக்குப் பெயர். அச்சடித்துக் கொடுத்தால் வெட்டி, மடித்து, ஒட்டி, கையில் வைத்து உருட்டி எண்ணிப் பார்க்கலாம்.

"ஒட்டுறது இதுகளுக்குப் புதுசா சார்? வீட்டுலயும் ஒட்டுதுக, இங்கயும் வந்து ஒட்டணுமா?" என்றார் ஜெபசெல்வி.

"இது ஒட்டுறது இல்ல டீச்சர். எண்ணுறது."

"என்னமோ செய்ங்க. கத்தாம இருந்தாச் சரி."

கடைசி மடிப்பை மூடுவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் முகம் எத்தனை, முனை எத்தனை, விளிம்பு எத்தனை என்று விரல் வைத்துத் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் வைத்த ஒரே சட்டம் அதுதான். முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் எந்த உருவத்தை எடுத்தாலும் மிச்சம் இரண்டு வரும் என்பதை அவர் சொல்லவில்லை. அவர்களாகவே அதில் தடுக்கி விழட்டும் என்று காத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு மாரிக்கனிதான் முதலில் விழுந்தாள். லேபிள் ஒட்டுகிற சீனியம்மாளின் மகள், பேச்சுக்கு ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறவள்.

"சார், எல்லாத்துலயும் ரெண்டு மிஞ்சுது சார்."

"மிஞ்சுதா?"

"கனசதுரத்துலயும் மிஞ்சுது, முக்கோணக் கூம்புலயும் மிஞ்சுது. யாரு சார் அந்த ரெண்டை வச்சது?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டாள். "ஒரு முகத்தப் பிச்சு எடுத்துட்டா அந்த ரெண்டு என்ன ஆகும் சார்?"

தவசிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தோம் என்றுகூடத் தோன்றியது. "அடுத்த சனிக்கிழமை செஞ்சு பாரு" என்றார்.

அந்த அடுத்த சனிக்கிழமை வரவே இல்லை. ஏனென்றால் அன்றைக்கே, மின்சாரம் போய் மின்விசிறி நின்று தகரக் கூரை காய்ந்த தோசைக்கல்லாகத் தலைக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்த அந்த மதியத்திலேயே, மாரிக்கனி தன் இருபது முகத்தை எடுத்து, முகம் இருபது, முனை பன்னிரண்டு, விளிம்பு முப்பது என்று தொட்டுச் சொல்லி, மூக்கை ஒரு தரம் உறிஞ்சி, கடைசி மடிப்பில் பசை தடவி அழுத்தினாள். அறையில் இருந்த வெயில் முழுவதும் அதற்குள் போய்விட்டது.

பிள்ளைகளுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. கடைசி வரிசைப் பையன்கள் பைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். இருபது முகம் மட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன் மாதிரி மாரிக்கனியின் கையில் கதகதவென்று இருந்தது.

"ஏசி போட்டாப்ல இருக்கே" என்றார் எட்டிப்பார்த்த ஜெபசெல்வி. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, இப்ப எல்லாரும் அடுத்தது எண்ணுங்க. எண்முகம். முகம் எட்டு..." என்றார் தவசிமுத்து. ஒருவரும் எண்ணவில்லை.

அன்று சாயங்காலமே சீனியம்மாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொட்டில் கயிற்றில் கட்டினாள். உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, பங்குனி பிறந்ததிலிருந்து கண்மூடாமல் கத்திக்கொண்டிருந்த கைக்குழந்தை விடியும்வரை தூங்கியது. விடிந்தபோது தவசிமுத்து வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. விரிபடம் கொடுங்கண்ணே, எங்க வீட்டுக்கு ரெண்டு, எங்க மாமியாருக்கு ஒண்ணு, பெரிசா இருந்தாத் தேவலை. அவர் ஆளுக்கொன்று அச்சடித்துக் கொடுத்தார். எப்படியோ எண்ணட்டுமே என்று நினைத்தார்.

ஊர் அதற்கு வெயில் உருண்டை என்று பெயர் வைத்தது.

"உருண்டை இல்லம்மா, அதுக்கு முகம் இருக்கு, முனை இருக்கு" என்று தவசிமுத்து தெருத்தெருவாகத் திருத்திப் பார்த்தார்.

"உருளுதா இல்லையா?"

"உருளும், ஆனா..."

"அப்ப உருண்டைதான்."

பெரியவர்கள் ஒட்டினால் பலிக்கவில்லை. லேபிள் ஒட்டியே விரல் ரேகை தேய்ந்துபோன சீனியம்மாள் ஒட்டியதில் மயிரிழை விரிசல்கூட இல்லை, இருந்தும் அது வெறும் காகிதப் பெட்டியாகவே கிடந்தது. தவசிமுத்து ஒட்டியதும் அப்படியே. "பெரியாளு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும்போதே உள்ளுக்குள்ள வேற கணக்கு ஓடிக்கிட்டிருக்கும்ல, அதான்" என்றார் டீ மாஸ்டர், ஊரும் அதை ஒப்புக்கொண்டது. பிள்ளைகள்தான் மூட வேண்டும், மூடுவதற்கு முன் முகம் முனை விளிம்பைச் சொல்ல வேண்டும், ஒன்று தப்பினாலும் வெயில் உள்ளே போகாது. அவர் வைத்த சட்டம்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வாய் கசந்தது.

வெயில் உருண்டை மினிபஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் தொங்கியது. பால் பூத்தில், ரேஷன் கடையில், சலூனில் தொங்கியது. சர்பத் கடைக்காரர் வியாபாரம் போச்சே என்று ஒரு வாரம் திட்டிவிட்டு, தன் கடைக்கும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அம்மன் கோயில் பூசாரி, ஆத்தாள் சூட்டைக் குழந்தைகள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லி, கருவறை வாசலில் பன்னிரண்டு முகத்தில் ஒரு சரம் கோத்துப் போட்டார். கட்சிக்காரர்கள் இருபது முகத்திலும் இருபது பேர் படத்தை அச்சடித்துப் பந்தலில் வைக்கப் போக, தரையைத் தொடுகிற முகத்தில் யார் படம் வருவது என்று ஒன்றியத்துக்குள் அடிதடி ஆனது. சரி, நூல் கட்டித் தொங்கவிடுவோம் என்று சமாதானம் பேசினார்கள். கடைசியில் யாருடைய நெற்றியில் ஊசியைக் குத்துவது என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

சில நாளில் பசை காய்ந்து விரிசல் விடும், பிடித்த வெயிலெல்லாம் மொத்தமாக வெளியே வந்துவிடும் என்பதால், அதற்குள் பழையதைக் கொண்டுபோய் வறண்ட கண்மாய்க்குள் எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கண்மாய் நிறைய உருண்டைகள் குவிந்து படபடவென்று வெடித்துக்கொண்டு கிடந்தன. ஆடுகள் அந்தப் பக்கம் போகவில்லை. பெண்கள் கரையில் சேலை விரித்து வற்றலும் வடகமும் காயப்போட்டார்கள், அரை நாளில் சலசலவென்று காய்ந்தது, அதுவும் வசதியாகத்தான் இருந்தது. இத்தனை முகங்களும் முனைகளும் விளிம்புகளும் குவிந்து கிடக்க, அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இல்லை.

சித்திரை பிறப்பதற்கு முன்னால், அச்சகம் வைத்திருக்கும் அரியநாயகம் அண்ணாச்சி அதைக் கையில் எடுத்தார். தவசிமுத்து கொடுத்திருந்த விரிபடங்களை வைத்தே, அதே வடிவத்தில் அட்டையை வெட்டுகிற வெட்டுக்கத்தியை இரும்பில் செய்து, காலண்டர் அட்டையில் மடிப்புக் கோடு விழுந்து தயாராக வெட்டி எடுத்துக் கட்டினார். காலையில் வேன் வாசல்தோறும் கட்டை இறக்கியது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனது. விருதுநகருக்குப் போனது, மதுரைக்குப் போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மூடினார்கள், அப்புறம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மூடினார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மூடினார்கள். எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது. முகம் இருபது முனை பன்னெண்டு விளிம்பு முப்பது, முகம் இருபது முனை பன்னெண்டு விளிம்பு முப்பது. ஒரு விரலும் எந்த முனையையும் தொடவில்லை.

தவசிமுத்து அச்சகத்துக்குப் போனார். அண்ணாச்சி எழுந்து நின்று வரவேற்று, கலர் குடிக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, இது பிள்ளைகளுக்குக் கணக்குப் பிடிக்கணும்னு நான் செஞ்சது."

"அதத்தான் தம்பி நானும் எல்லாருகிட்டயும் சொல்லுதேன். கணக்குன்னா ஓடுன பிள்ளைக இன்னைக்குத் தூக்கத்துலயும் கணக்குச் சொல்லுது. உங்க பேரச் சொல்லித்தான் சொல்லுதேன்."

"அதுக எண்ணல அண்ணாச்சி. ஒப்பிக்குதுக."

"ஒப்பிச்சாலும் குளிருதுல்ல?"

"குளிருது."

"பொறகென்ன?" அண்ணாச்சி நிஜமாகவே புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார். "வெளிநாட்டுல இருந்து வந்தவுக நீங்க, உங்களுக்குத் தெரியாததா. அக்கினி நட்சத்திரத்துக்கு ஊருக்கே சேத்து ஒண்ணு செய்யணும் தம்பி, கால்பந்து மாதிரி, முப்பத்திரெண்டு முகம், பஞ்சாயத்துல பேசியாச்சு. நம்ம ஆபரேட்டர் பய வரைஞ்சு பாத்தான், ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. நீங்கதான் வரைஞ்சு தரணும். பழைய வெட்டுக்கத்தி எல்லாம் மழுங்கிப் போச்சு, எல்லாப் படத்தையும் புதுசா ஒருக்கா அனுப்பிருங்க. சீசன் முழுக்க ஓட்டணும்."

பார்க்கலாம் அண்ணாச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு, கலரைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

தானாக நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆசையில்லாமல், ஆச்சரியமில்லாமல், வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகச் செய்கிற காரியத்துக்கு வெயில் ஏன் இறங்கி வர வேண்டும்? ஒருநாள் ஒரு வீட்டில் குளிராமல் போகும், மறுநாள் இன்னொரு வீட்டில், பிறகு எல்லோரும் தன்னிடம் வந்து என்ன செய்யலாம் என்று கேட்பார்கள், அப்போது உட்கார வைத்துச் சொல்லலாம் என்று தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு மூடினாலும் குளிர்ந்தது. டிவியைப் பார்த்துக்கொண்டு மூடினாலும் குளிர்ந்தது. பாதித் தூக்கத்தில் மூடியது குளிர்ந்தது. அடி வாங்கி அழுதுகொண்டே மூடியது மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்தது என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அதிசயத்துக்கு அவருடைய கோபம் தெரியவில்லை. அது எண்ணிக்கையை மட்டும் கேட்டது, எண்ணுகிறவளைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஜெபசெல்வி மட்டும் குளிர்ச்சியாக உட்கார்ந்திருப்பார். "யாரும் வரல சார், நீங்க வேணா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க" என்பார். பள்ளி மூடுவதற்கு முந்தின வாரம் இன்னொன்றும் சொன்னார். "மாரிக்கனி டிசி கேக்க இன்னும் ஆள் வரல சார். ஆறாம் கிளாஸுக்கு டவுனுக்கு அனுப்ப மாட்டாக போல. நல்லா வந்திருக்கும் அந்தப் பிள்ள."

அன்றைக்கே சீனியம்மாள் வீட்டுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் வேர்வை அடங்கியது. தொட்டிலில் குழந்தை கன்னம் உப்பித் தூங்கிக்கொண்டிருந்தது, வேர்க்குரு உதிர்ந்து தோல் பளபளப்பாக இருந்தது. அதைப் பார்க்க அவருக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷம்தான் அவரை இன்னும் எரிச்சல்படுத்தியது. தரையில் மாரிக்கனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மூடாதவை, ஒரு பக்கம் மூடியவை, நடுவில் பசைக் கிண்ணம். முகம் இருபது முனை பன்னெண்டு விளிம்பு முப்பது.

"வாங்கண்ணே, உக்காருங்க. ஏட்டி, சார் வந்திருக்காக பாரு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆறாவது சேக்கலையாம்மா?" என்றார் தவசிமுத்து.

"சேக்கணும்ணே. சேக்காமலா விட்டுருவோம்? இந்த ஒரு வருசம் போகட்டும். டவுனுக்குப் பஸ் ஏறிப் போனா வர இருட்டிருது, பொறகு இந்தப் பயலுக்கு யாரு மூடித் தருவா? எனக்குக் கை இருக்கு, பலிக்க மாட்டேங்குதே. நீங்களே சொல்லுங்கண்ணே, இவன் இந்த வெயிலத் தாங்குவானா?"

அவர் குனிந்து மூடாததில் ஒன்றை எடுத்தார். ஒரு முகம் மட்டும் கதவு மாதிரித் திறந்திருந்தது. அதன் வழியாக உள்ளே பார்த்தார். காலண்டர் அட்டையின் வெள்ளைப் பின்பக்கம், மங்கிய வெளிச்சம், பத்தொன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

"அத வச்சிருங்க சார்" என்றாள் மாரிக்கனி. "மூடாதத வேன்காரர் எடுக்க மாட்டாரு."

"சரி."

அவள் கையில் இருந்ததை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தலை நிமிரவில்லை. "மூடாததுல ரெண்டு வராது சார். ஒண்ணுதான் வரும்."

தவசிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்பப் பாத்த?"

"அன்னைக்கே. எல்லாத்துலயும் பாத்தேன். ஒண்ணுதான் வருது." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு முகத்தையும் எடுத்தா ஒண்ணுமே இல்லாமப் போகுமா சார்? ஆனா பக்கத்துப் பக்கத்துல எடுத்தா நடுவுல உள்ள விளிம்பும் போயிருமே, அப்ப..."

விரல் நின்றுவிட்டது. பசை ஒழுகி அவள் பாவாடையில் விழுந்தது. அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்த முகத்தில் வைத்து.

"ஏட்டி, கை என்ன நிக்குது?" என்றாள் சீனியம்மாள். "தொட்டில் கயித்துல தொங்குறது விரிசல் விட்டுருச்சு, சீக்கிரம் ஒண்ண மூடு."

மாரிக்கனி திடுக்கிட்டு, "முகம் பத்தொம்பது" என்று ஆரம்பித்தாள். "இல்ல, இருபது. முனை... சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், எண்ணிக்கை தப்புது."

மூடினாள். அது குளிரவில்லை. தொட்டில் கயிற்றில் கிடந்த பழையது அதே நேரத்தில் பட்டென்று வாய்விட, இத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த வெயில் வீட்டுக்குள் கொட்டியது. குழந்தை வீரிட்டு எழுந்தது. சீனியம்மாள் மகள் முதுகில் ஒன்று வைத்தாள், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள். முகம் இருபது முனை பன்னெண்டு விளிம்பு முப்பது. இந்தத் தடவை குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது.

தவசிமுத்து எழுந்து நடந்தார். தெரு முழுக்க அதே சத்தம் அவருக்குப் பின்னால் வந்தது. கண்மாய்க்குள் ஏதோ படபடத்தது. பெரியப்பாவின் வாக்கியம் பாதிவரை வந்து நின்றது, அவர் அதை இழுக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"தம்பி, அனுப்பியாச்சா? கத்தி செய்யற ஆளு வந்து உக்காந்திருக்கான். அந்தக் கால்பந்தும் சேத்துத்தான?"

"அதுவும் சேத்துத்தான் அண்ணாச்சி" என்றார் தவசிமுத்து.

கம்ப்யூட்டரைத் திறந்து, கால்பந்தையும் வரைந்து முடித்து, நான்முகத்திலிருந்து அது வரை தான் வரைந்த எல்லா விரிபடங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தை அழித்துவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பினார்.